செழிக்கக் கூடாத இடம்

உங்கள் ஜன்னலில் இருக்கிற அந்தச் செடிக்கு யாரோ தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறார்கள், சார். அடி இலைகள் மஞ்சளாகித் தொங்குவதைப் பார்த்தாலே தெரிகிறது. பாசம் காட்டுகிறேன் என்று தினமும் ஒரு டம்ளர் ஊற்றுவது, அப்புறம் ஏன் செத்தது என்று திருதிருவென முழிப்பது. தொட்டிச் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் வாயைத் திறக்க ஒரே காரணம்தான். நாளைக்கு மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து என் நிலம் முழுவதையும் புரட்டப் போவதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். கோடையின் கடைசியில் அதைச் செய்யக் கூடாது. நீலவரித் தேனீ என்று ஒன்று இருக்கிறது. அது கூட்டம் கூடி வாழாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணில் வளை தோண்டி, உள்ளே மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுச் செத்துப்போகும். இப்போது என் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் அந்தத் தாயில்லாப் பிள்ளைகள்தான். இயந்திரம் ஒரு வாய் அள்ளினால் போதும், ஒரு தலைமுறை போய்விடும். அதனால் இடத்தை நானே காட்டிவிடுகிறேன். மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்தால் போதும்.

இடத்தை மட்டும் சொன்னால் ஆகாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் குறுக்கே பேசாதீர்கள். எனக்குக் கோர்வையாகச் சொன்னால்தான் வரும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். உங்கள் கையில்கூட எப்போதாவது எடுத்திருப்பேன். எனக்கு முகங்கள் நினைவிருக்காது, நரம்புகள்தான் நினைவிருக்கும். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசியை ஏற்றிவிடுவேன். எவ்வளவு பெரிய ஆளும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுக் கையை நீட்டுவார். என் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

எங்கள் அப்பா லாரி பழுது பார்த்தவர். எங்கள் வீட்டுக்கும் இப்போது தங்கை இருக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் அவருடைய பட்டறை. அவர் போன பிறகு அந்த இடத்தில் டயரும் கண்ணாடிச் சில்லும் எண்ணெய் குடித்த மண்ணும்தான் மிச்சம். அதற்கு மேல் ஆளுயரத்துக்கு உண்ணிச்செடியும் பார்த்தீனியமும். தங்கையிடம் கேட்டேன். "நீயே வச்சுக்கக்கா, அந்தக் குப்பைமேடு எனக்கு எதுக்கு?" என்று சிரித்தாள்.

பூச்சிக்கென்று நிலம் திருத்துவதைப் பற்றி ஊரில் எல்லோரும் ஏதோ விதையைத் தூவிவிட்டுப் பாட்டுப் பாடுகிற வேலை என்று நினைக்கிறார்கள். அது முதலில் கொல்கிற வேலை. உண்ணிச்செடியை வெட்டினால் போதாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். கடப்பாரையை அடிவேருக்குக் கொடுத்து, முழு உடம்பையும் சாய்த்து நெம்ப வேண்டும். வேர் அறுபடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் விடக் கூடாது. பார்த்தீனியம் தொட்டால் தோல் வெந்துபோகும். முழங்கை வரைக்கும் கொப்புளத்தோடு வேலைக்குப் போயிருக்கிறேன். அதெல்லாம் முடிந்த பிறகு, உள்ளே கிடக்கிற விதைகளைக் கொல்ல வேண்டும். கறுப்புத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, வெயில் காலம் முழுக்க விட்டுவிட வேண்டும். அடியில் மண் வெந்துவிடும். புழு, பூரான், நத்தை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவந்து அங்கேயே காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்து மனம் இளகுகிறவர்கள் தொட்டியில் ரோஜா வளர்க்கலாம்.

அதற்குப் பிறகுதான் இந்த மண்ணுக்கே உரிய செடிகள். தும்பை, துத்தி, எருக்கு. இவற்றுக்கு உரம் ஆகாது. நான் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் இது. மண் பசியோடு இருக்க வேண்டும். சத்து ஏறினால் இலைதான் தடிக்கும், பூ வராது, கண்ட களையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்கைக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு இடம் மட்டும் கரும்பச்சையா செழிச்சு நின்னா சந்தோஷப்படாத. அடியில ஏதோ அழுகுதுன்னு அர்த்தம்" என்பேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டுவாள். இன்னொன்றும் சொல்வேன். ஓட்டை விழுந்த இலைதான் நல்ல இலை. யாரோ அதைத் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள். ஓட்டையே இல்லாத இலையை நம்பக் கூடாது.

நிலம் எனக்குக் கட்டுப்பட்டது. ஒரு மழைக்காலம் கழித்து நீலவரித் தேனீ வந்தது. இலையை வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு போகிற தேனீ வந்தது. எருக்கம்பூவில் கட்டைவிரல் தடிமனுக்குக் கருவண்டு வந்து உறுமியது. நான் அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

இனி தங்கை வீட்டுக்காரரைப் பற்றி. தெருவில் அவருக்குப் புகைக்காரர் என்று பெயர். கொசுவுக்குப் புகை போடுவது, கரையானுக்கு மருந்து அடிப்பது, மூட்டைப்பூச்சி ஒழிப்பது, இதுதான் தொழில். வாய் ஓயாத மனிதர். என்னைப் பார்த்தால் போதும். "நீங்க பூச்சி வளர்க்கிறீங்க, நான் பூச்சி கொல்றேன். நல்ல குடும்பம்க்கா நம்மளுது, ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கோம்" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இப்படியெல்லாம் சிரிக்க மாட்டாள். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. எங்கள் இரண்டு வீட்டைச் சுற்றி மருந்தே அடிக்கக் கூடாது என்று சொன்னேன். "உங்க எல்லைக்குள்ள நான் கால்ல செருப்போட கூட வரமாட்டேன்" என்றார். தன் வீட்டுக் கொசுவைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். நான் அதை நம்பவில்லை. தொழில் தொழில்தானே, கை சும்மா இருக்குமா? ஆறு மாதம் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். ஒரு தடவைகூட அவர் அகப்படவில்லை. அவ்வளவு கவனமாக இருந்தார்.

போன வருடம் இதே கோடைக் கடைசி. பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்திலிருந்து பெரிய கூட்டமாக என் நிலத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஊரில் கிடக்கிற மற்ற தரிசுகளையும் என் வழியில் திருத்தலாமா என்று முடிவு செய்யத்தான் வருகிறார்கள். நானே நடத்திக்காட்ட வேண்டும் என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என்னிடம் நரம்பைக் காட்டாமல் முகத்தைக் காட்டிப் பேசினார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. தும்பை முன்கூட்டியே காய்ந்துவிட்டது. துத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ. கோடைக் கடைசியில் பூ இல்லாவிட்டால் தேனீக்கு வேறு போக்கிடம் இல்லை, முட்டைக்கு வைக்க மகரந்தம் கிடைக்காது. வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள், காய்ந்த குச்சியையா? அதனால் கிழக்கு மூலையில் கொஞ்சம் செடிகளை வாங்கி நட்டேன். நம் மண்ணுக்குரிய சாதிதான், ஊதாப்பூ, குலை குலையாகப் பூத்து நின்றன. இலைகள் ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாமல் அவ்வளவு சுத்தம். தேனீக்கள் மொய்த்தன. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கூட்டம் வருவதற்கு முந்தைய நாள் காலையில், வேலியோரம் மீண்டும் தலைகாட்டிய உண்ணிச்செடி ஒன்றைப் பிடுங்கக் கடப்பாரையோடு போனேன். ஊதாப்பூச் செடிகளுக்கு அடியில் தரை முழுக்கத் தேனீக்கள். மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. சில ஒரே இடத்தில் வட்டமடித்தன. சில நாக்கை நீட்டியபடி விறைத்திருந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், வேலித் திறப்பில் அவர் நிற்கிறார். முதுகில் மருந்து டப்பா.

தங்கை தையல் ஆலையில் காலை வேலைக்குப் போயிருந்தாள். இவர் கைப்பேசியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா பக்கத்து வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். செருப்பைத் திறப்பிலேயே கழற்றிவிட்டார்.

"என்னக்கா, காலங்காத்தால தரையில உட்கார்ந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தரையைப் பார்த்தார். "ஐயோ" என்றார். டப்பாவோடு அப்படியே குந்தி, ஒரு தேனீயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "துடிக்குதேக்கா. சக்கரைத்தண்ணி குடுத்தா பொழைக்குமா? நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க."

அதற்குப் பிறகும் என்னவோ சொன்னார். அது இப்போது முக்கியமில்லை.

நான் எழுந்து நின்றேன். அவர் குனிந்திருந்தார். முதல் அடி சரியாக விழவில்லை. கடப்பாரை டப்பாவின் விளிம்பில் பட்டு வழுக்கி, காதுக்குப் பின்னால் இறங்கியது. முட்டிபோட்டு முன்னால் சாய்ந்தார். ஊதாப்பூச் செடிகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். "அக்கா" என்றார். திட்டுகிற குரல் இல்லை. மேலேயிருந்து ஏதோ விழுந்துவிட்டது, என்னவென்று பாருங்கள் என்கிற மாதிரி.

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றேன். பழக்கதோஷம். அவர் கழுத்தைத் திருப்புவதை நிறுத்தினார்.

இரண்டாவது அடியை நிதானமாக, நின்ற இடத்தைச் சரிசெய்துகொண்டு போட்டேன். மண்டை உடைகிற சத்தம் வேர் அறுகிற சத்தம் மாதிரி இல்லை, அதைவிடச் சின்னது. மூன்றாவது தேவையில்லைதான், இருந்தாலும் பாதியில் விட்ட வேர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வலது கால் கொஞ்ச நேரம் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நல்ல தடித்த நரம்பு. துடிப்பு மெலிந்து, தடுமாறி, நின்றது. விரல்களை விரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த தேனீ நசுங்கிப்போயிருந்தது. அதற்கும் நானா பொறுப்பு?

பட்டாம்பூச்சிகளுக்கு ஈரம் வேண்டும் என்று ஒரு சின்னக் குட்டைக்காக ஆள் வைத்துக் குழி தோண்டி வைத்திருந்தேன். எருக்கஞ்செடிகளுக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். அதை இன்னும் ஆழமாக்கினேன். தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவதுதான் பாடாய்ப் படுத்தியது. ஆள் ஒல்லிதான், செத்த பிறகு கனத்துவிட்டார். முழங்காலை மடக்கி உட்கார்த்த வேண்டியிருந்தது. மடங்க மறுத்த காலைக் கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினேன். செருப்பையும் உள்ளே போட்டேன். டப்பாவைப் போடும் முன் அதிலிருந்த மருந்து மண்ணில் இறங்கிவிடக் கூடாதே என்று திறந்து ஒரு வாளியில் கவிழ்த்தேன். வாடையே இல்லை. தண்ணீர். டப்பாவும் புதுசு, உள்ளே கீறல்கூட விழவில்லை. தெளித்து முடித்துக் கழுவி நிரப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரை வாடிய துத்திக்கு ஊற்றினேன்.

மதியம் பார்த்தால், அவர் விழுந்த இடத்தில் மண் ஈரமாகக் கறுத்திருந்தது. அதன்மேல் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. உப்புக்காக வரும். பூவில் அது கிடைக்காது. கழுவிவிடத்தான் வாளியோடு போனேன். மனசு வரவில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். "அக்கா, வாடின செடிக்கெல்லாம் தண்ணி தெளிச்சுத் தரேன், நாளைக்கு அக்காவ நாலு பேர் பார்க்க வர்றாங்கன்னு புது டப்பா வாங்கி வச்சிருந்தாரு. வந்தாரா?" என்றாள். வரவில்லையே என்றேன். "என்கிட்ட சொல்லாம ஒரு டீ குடிக்கக்கூடப் போகமாட்டாரேக்கா" என்றாள். அவளைச் சும்மா நிற்கவைத்தால் அழுவாள் என்று, தார்ப்பாயின் ஒரு முனையைக் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் இழுத்து, குழி மூடிய இடத்தைச் சேர்த்துப் போர்த்தினோம். கல்லையெல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கூட்டம் வந்தது. தார்ப்பாயைச் சுற்றி நின்று, இதற்கடியில் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். "அடுத்து விதைக்கிறதுக்கு மண்ணைத் தயார் பண்றேன். நல்லதும் சேர்ந்துதான் சாகும், வேற வழியில்ல" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உங்கள் ஆட்கள் விசாரிக்க வந்தபோதும் அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் நின்றுதான் குறிப்பு எடுத்தார்கள். ஒருவர் அதன்மேல் ஏறி நின்றார். நான்தான் இறங்கச் சொன்னேன்.

தேனீக்கள் அடுத்தடுத்த நாளும் செத்தன. அந்த மூலையில் மட்டும். அதனால் ஊதாப்பூச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டேன். எனக்கு அவற்றின் நிறம் ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை.

மழைக்காலம் வந்தது. தார்ப்பாயை எடுத்து விதைத்தேன். எல்லா இடத்திலும் தும்பை முழங்காலுக்கு நின்றது, ஒல்லியாக, பூவோடு. அந்த ஒரு இடத்தில் மட்டும் இடுப்புயரத்துக்குக் கரும்பச்சை. இலை ஒவ்வொன்றும் மற்றதைவிட இரண்டு மடங்கு அகலம். பூ ஒன்றுகூட இல்லை. களை வேறு வந்து குடியேறிவிட்டது. நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பச்சையைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்தானே. என்னிடம் பாடம் கேட்டவள் ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

போன வாரம் தங்கை வந்தாள். இந்த ஒரு வருடத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். நான்தான் தினமும் ஒரு வாய் சாப்பிட வைக்கிறேன். நிலத்தைச் சுற்றி நடந்தவள் அங்கே வந்து நின்றுவிட்டாள். ஒரு இலையைக் கிள்ளி, விரலில் வைத்துத் தேய்த்தாள்.

"இந்த இடம் மட்டும் ஏன்க்கா இவ்வளவு செழிப்பா இருக்கு?"

"பழைய தொட்டி கசிஞ்சிருக்கும்."

"தொட்டியில தண்ணியே கிடையாதேக்கா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். என்னையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்தாள். பிறகு மெல்ல முட்டிபோட்டு, இரண்டு கையையும் அந்த இலைகளுக்குள் விட்டு, மண்ணை அழுத்திக்கொண்டு இருந்தாள். காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைக்கிற மாதிரி வைத்திருந்தாள். எழுந்து, வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் போனதும் அந்தச் செழிப்பை அடியோடு பிடுங்கிச் சமப்படுத்தினேன். சந்தேகம் வரக் கூடாதென்று இன்னும் நாலைந்து இடத்தை அதே மாதிரி வழித்துவிட்டேன். அதனால்தான் அவள் உங்களைக் கூட்டிவந்து காட்டியபோது அவளுக்கே இடம் பிடிபடவில்லை. அதனால்தான் இயந்திரம் என்கிறீர்கள். வேண்டாம். எருக்கஞ்செடிகளுக்கும் தொட்டிக்கும் நடுவில், வழித்த இடங்களில் தொட்டிக்கு நெருக்கமானது எதுவோ அது. முகம் தொட்டிப் பக்கம் இருக்கும். தோண்டுகிறவர்கள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போகட்டும். எருக்குக்குத் தெருப் பக்கம்தான் வளைகள் அதிகம்.

ஒரு உயிரைக் கொன்றது சரியா என்றால், சரி என்று சொல்ல மாட்டேன். நான் முட்டாள் இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஒரு மனிதர், இன்னொரு பக்கம் அந்தத் தரை முழுக்கக் கிடந்த உயிர்கள். நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அவர் தெளிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தெளிக்கிறவர்தானே? இன்றில்லாவிட்டால் என்றைக்காவது தெளித்திருப்பார்.

ஒன்றுதான் பாக்கி. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டு வாருங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று தங்கை சொல்லியனுப்பியதாகச் சொன்னீர்கள். "அக்கா" என்றார் என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

அந்தத் தேனீயை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். பிறகு எட்டி ஊதாப்பூச் செடியின் ஒரு இலையைத் தடவினார். முன்னும் பின்னும் திருப்பினார். "இது வெளியிலேருந்து அடிச்ச மருந்து இல்லக்கா. விக்கிறதுக்கு முன்னாடியே செடிக்குள்ள ஏத்தியிருக்காங்க. பூவுலயும் இருக்கும். பாருங்க, இலையில ஒரு ஓட்டை கிடையாது. நீங்களே சொல்வீங்களே" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக்காட்டவில்லை, பாவம், எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டார். "எங்கக்கா வாங்கினீங்க?"

அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்து நின்றேன். தங்கையிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அடித்தது அதற்காக இல்லை.